‘மறைந்தவர்’ கட்டத்தில் ஒரு டிக்

மார்ச் 3

குட்டைக்கு,

செத்தவர்கள் நலம் விசாரிக்கலாமா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். நலமா?

போன வாரம் அண்ணி போன் செய்தாள். “உன் வாரிசுக்குன்னு கவர்மெண்ட்ல இருந்து ஒரு லெட்டர் வந்திருக்கு. எங்களுக்குத் தெரியாம யாரும்மா அது?” என்று ஒரே சிரிப்பு. கல்யாணம் காட்சி என்று எதுவும் ஆகாதவளுக்கு ஏது வாரிசு? அண்ணன் அதை இங்கே அனுப்பிவைத்தார். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில், மடித்த படுக்கை விரிப்புகளின் மேல் வைத்துப் பிரித்துப் படித்தேன்.

உள்ளூர் வரலாறு, கலை விழாக்களுக்கு அரசு தரும் நிதியுதவியில் நம் மில் லைன் வீடுகளின் சங்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். விழாவில் ‘கடிகார மாமா’ நாடகத்தைத் திரும்ப நடிக்கப்போகிறார்களாம். அதை எழுதிய மறைந்த கலைஞரின் குடும்பத்துக்கு ஆழ்ந்த அனுதாபமாம். அந்தக் கலைஞர் நான்தானாம். கூடவே விண்ணப்பத்தின் நகல். ‘மறைந்தவர்’ என்ற கட்டத்தில் டிக். கீழே சங்கச் செயலாளர் என்று உன் கையெழுத்து.

எப்போது செத்தேன், எதனால் செத்தேன்? அதையாவது சொல். சலவைக் கூடத்தில் கேட்கிறார்கள்.

பதில் எழுதுவதானால் அண்ணன் வீட்டுக்கே எழுது, அங்கிருந்து வரும். நான் இருக்கும் இடம் உனக்குத் தெரிய வேண்டாம்.

நெட்டை

மார்ச் 9

என் அன்பு நெட்டைக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது, சத்தியமாக. இருபத்தெட்டு வருஷம் கழித்து! படித்து முடித்த பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டில் ஆளே இல்லை, ஆனாலும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மில் மூடி ஒன்பது வருஷமாகிறது. லைனில் பாதி வீடுகளில் புது ஆட்கள். இப்போது தலைவர் ஒரு பிளம்பர், நல்ல மனுஷன். இந்த நிதியுதவி அறிவிப்பு வந்தபோது, “நம்ம லைனுக்குன்னு என்ன சரித்திரம் இருக்கு, அந்தப் புகைபோக்கியத் தவிர?” என்று அவர் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நம் நாடகத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

விண்ணப்பம் ஏழு பக்கம். கலைஞர் உயிரோடு இருந்தால் ‘இது என் படைப்பு’ என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மறைந்தவர் என்றால் சங்கத்தின் தீர்மானம் போதும். கடைசித் தேதிக்கு இரண்டே நாள். நீ எங்கே இருக்கிறாய் என்றும் தெரியாது. அதனால் அப்படிச் செய்துவிட்டேன்.

தீர்மானம் போட்ட அன்று எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள். பிளம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உனக்குப் பெருமை சேரட்டும் என்றுதான் செய்தேனடி. மன்னித்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
குட்டை

மார்ச் 15

குட்டைக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. நான் இருக்கும் இடம் தெரியாதாம்! ‘வாரிசு விலாசம்’ என்ற இடத்தில் அண்ணன் வீட்டுக் கதவு எண் வரைக்கும் எழுதியிருக்கிறாய். என் வாரிசுக்கு எழுதத் தெரிந்த விலாசம், எனக்கு எழுதத் தெரியவில்லையா?

காரணத்தை நானே சொல்கிறேன். நாடகத்தை எழுதியது நீ. மில்லில் பெண்கள் கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துவைத்த சூப்பர்வைசரை அப்படியே உரித்துவைத்தாய். நான் உன் வீட்டுச் சமையலறைக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவனாக நடித்தேன், அவ்வளவுதான். மறுநாள் காலையில் நம் இருவரையும் மேனேஜர் ரூமில் நிற்கவைத்து, “யாரு எழுதினது?” என்று கேட்டார்கள். “இவதான் சார்” என்று நீ சொன்னாய்.

வேலை போனது எனக்குப் பெரிதில்லை. உனக்குக் கைக்குழந்தை, புருஷனுக்கு வேலை இல்லை. அது எனக்குத் தெரியாதா? ‘நான்தான் சார்’ என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேனடி. நீ ஒரு மூச்சு பொறுத்திருந்தால் போதும், நானாகவே கொடுத்திருப்பேன். அதற்குள் நீ பிடுங்கிக்கொண்டாய்.

இப்போதும் அதையேதான் செய்திருக்கிறாய். உயிரோடு இருந்தால் ‘இது என் படைப்பு’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டேன் என்று உனக்குத் தெரியும், போடாமல் ‘அன்றைக்கு ஏன் என்னைக் கைகாட்டினாய்’ என்று கேட்பேன் என்றும் தெரியும். அதனால் ஆளையே தீர்த்துவிட்டாய். அன்றைக்குப் பழி, இன்றைக்குப் பெருமை. இரண்டையும் என் தலையில் வைக்குமுன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நெட்டை

மார்ச் 24

நெட்டைக்கு,

நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. நாலைந்து நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அன்றைக்குச் சொன்ன பொய்யை இன்றைக்கு நல்லதாக மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். உனக்கு மாலை போட்டுவிட்டால் என் கணக்கில் அந்தக் காலை அழிந்துபோகும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை. கூசுகிறது, நெட்டை. இதை எழுதும்போதுகூட.

திங்கட்கிழமை, அந்த நிதியுதவி தரும் கலைப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் உன் முதல் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “செத்துப்போனவங்க எப்படிம்மா லெட்டர் போட்டாங்க?” என்று உரக்கக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “அவ சாகல சார். எழுதினதும் அவ இல்ல, நான்தான். நான் பொய் சொல்லிட்டேன்” என்றேன். காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செருப்பு வார் அறுந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அவர் திட்டக்கூட இல்லை. “நீங்க எழுதினதா ஒரு பேப்பர் குடுங்க. உயிரோட இருக்கேன்னு அவங்க ஒரு பேப்பர் குடுக்கணும். ரெண்டும் ஏப்ரல் அஞ்சுக்குள்ள வரல்லேன்னா விழா இல்ல” என்றார்.

அன்று சாயங்காலமே சங்கத்தைக் கூட்டி, மேனேஜர் ரூமில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். “அப்ப நாங்க எந்திரிச்சு நின்னது யாருக்கும்மா?” என்று பிளம்பர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. என் மகள், அந்தக் கைக்குழந்தைதான், கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “என்னச் சாக்காக் காட்டித்தானே தப்பிச்சே?” என்று ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பிறகு பேச்சில்லை. சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள், போகிறாள். கைக்குழந்தை இல்லாவிட்டாலும் அன்று அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்று எனக்கே சந்தேகம். பயம், நெட்டை. வேறு ஒன்றுமில்லை.

நான் எழுதித் தர வேண்டியதைக் கொடுத்துவிட்டேன். உன்னுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று ஒரே வரி. இந்த முறை கேட்கிறேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறாயா? மனமில்லை என்றால் வேண்டாம். விழா நின்றால் லைனுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், நீ இல்லை.

குட்டை

மார்ச் 30

குட்டைக்கு,

கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சலவைக் கூடத்து மேற்பார்வையாளர் அம்மாவைச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். “இதுக்கெல்லாமா சாட்சி கேப்பாங்க?” என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு வரியை மூன்று தரம் படித்தேன்.

நாடகத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. விண்ணப்பத்தோடு நீ வைத்த பிரதியில் கடைசி வசனத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நிஜ சூப்பர்வைசரைப் பார்த்து, “மணியாச்சு மாமா, நீங்க போயிட்டு வாங்க, நாங்க குறிச்சுக்கிறோம்!” என்று முடிகிறது. அது நீ எழுதியதில்லை. கூடம் சிரிக்கச் சிரிக்க, கழுத்துக் கடிகாரத்தைக் கழற்றி அவர் பக்கம் நீட்டி, என் வாய்க் கொழுப்பில் நானாகச் சேர்த்தது. அந்த ஆளுக்குப் பற்றி எரிந்தது உன் நாடகத்தால் இல்லை, என் வசனத்தால்தான். இது தெரிந்தும் இத்தனை வருஷம் பழி முழுவதையும் உன் பக்கமே தள்ளிவைத்திருந்தேன். வெட்கம் உனக்கு மட்டும் சொந்தமில்லை.

உன் கடிதத்தில் இதைச் சாக்காகச் சொல்வாய் என்று வரிக்கு வரி தேடினேன். நீ சொல்லவில்லை. அதனால்தான் கையெழுத்து. அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் என் பெயரைப் போடச் சொல். அதற்கு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

விழாவுக்கு வரமாட்டேன். மன்னித்துவிட்டேன் என்றும் எழுத வரவில்லை, எழுதினால் அது நான் சொல்லும் பொய்யாகிவிடும். நான் வாயைத் திறந்தது அந்தக் குழந்தைக்காகத்தான் என்று உன் மகளிடம் சொல். பேசுவாள்.

இனி அண்ணன் வீட்டுக்கு எழுதாதே, அண்ணி பிரித்துப் படிக்கிறாள். என் விலாசத்தைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்றாவது தெரு, மாடி வீடு.

வர நினைத்தால் முதலில் கேட்டு எழுது.

நெட்டை