நீ கீறாத கண்ணாடி

என் ராசாத்தி மதினிக்கு,

ஒரே வீட்டில் இருந்தவர்கள் யார் கடிதம் எழுதிக்கொள்வார்கள்? நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கம்பத்துக் கல்யாண மண்டபக்காரரை ஒரு கை பார்த்துவிட்டேன் மதினி. அண்ணனிடம் சொன்னேன். "எதுக்குத்தா வம்பு?" என்றார். அவர் என்றைக்கு வம்புக்குப் போயிருக்கிறார்?

நாம் இரண்டு பேரும் அந்த மண்டபத்து முகப்புக் கண்ணாடியைத் துடைக்கப் போன ஐப்பசி நினைவிருக்கிறதா? மழைக்குக் கிளம்பிய ஈசலும் வயல் பச்சைப்பூச்சியும் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து, கண்ணாடி முழுக்க ஒட்டிக் காய்ந்து கிடந்தன. நீ வழக்கம்போலப் பழைய வேட்டித்துணியை ஷாம்புத் தண்ணீரில் நனைத்து, கண்ணாடிமேல் அப்பிவிட்டுக் காத்திருந்தாய். ஊறினால் பூச்சி தானாகக் கழன்று வரும். காய்ந்ததைத் தேய்த்தால் கண்ணாடிதான் கீறும். மண்டபக்காரருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது.

"துணி காயப்போடவா வந்தீக?" என்று கத்தினார். சமையல்கட்டிலிருந்து பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் கொண்டுவரச் சொல்லி, வாட்ச்மேனை விட்டு வறட்டுக் கண்ணாடியில் தேய்க்கவைத்தார். நீ தடுத்தும் கேட்கவில்லை. வெயில் ஏறியதும் வட்ட வட்டமாகக் கீறல் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்னவென்று கேட்டார்கள். அந்த மனுஷன் கொஞ்சமும் கூசாமல் உன்னைக் கைகாட்டினார். "இந்தப் பொம்பளதான் கீறிப்புட்டா."

நான் ஏணிமேல் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள். நாளைக்கும் வேலைக்குக் கூப்பிடவேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். இதை உன்னிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. நீயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் மதினி கேட்கவில்லை?

அப்புறம் கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் உனக்குப் பெயர் 'கீறல் ராசாத்தி'. ஒவ்வொரு கடையாகக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். சின்னமனூர்த் துணிக்கடை அம்மா உன் முகத்துக்கு நேராகவே அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தாள். ஆடி மாதம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் என் கையைப் பிடித்து, "நான் கீறலத்தா, நீ பாத்தேல்ல?" என்றாய். மறுநாள் நீ இல்லை.

போன வாரம் எனக்கு போன் வந்தது. அதே மண்டபக்காரர், அவர் மகளுக்குக் கல்யாணமாம். குரலைக் கேட்டதும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வருகிறேன் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எதையாவது உடைத்துவிட்டு வரும் எண்ணத்தில்தான் போனேன்.

முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, மாடியில் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தொடங்கினேன். அங்கே எல்லாம் புதுக் கண்ணாடி. ஈரத்துணியை எடுத்துப் பூச்சிக்கறையை வழித்ததும் அடியில் பளிச்சென்று தெரிந்தது, அதே வட்டக் கீறல். கம்பி நாரும் சன்னல் ஓரத்திலேயே கிடந்தது. அந்த நேரம் பார்த்து, மண்டபத்தைச் சுற்றிக் காட்டச் சம்பந்தி வீட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு மண்டபக்காரர் மேலே வந்தார்.

"கண்ணாடி ஏன் இப்படி இருக்கு?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"அத ஏன் கேக்குறீக! தேனியில இருந்து ஒரு பொம்பள வந்தா. கீறல் ராசாத்தின்னு பேரு. அவதான் இங்கனயும் நாசம் பண்ணிட்டுப் போனா."

பழகிய பொய் அல்லவா, தானாக வாயில் வந்துவிட்டது. நான் ஏணியிலிருந்து இறங்கினேன்.

"இந்தக் கண்ணாடி எப்ப மாட்டுனீக?"

"போன தையில."

"ராசாத்தி அதுக்கு முந்துன ஆடியிலயே செத்துப் போனாக. நான் அவுக நாத்தனா."

முகத்துணியை அவிழ்த்தேன். சம்பந்தியம்மா மண்டபக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பி நாரை எடுத்து அந்த மனுஷன் கையில் வைத்து, "பேரச் சொல்லிச் சொல்லுங்க" என்றேன்.

"ராசாத்தி கீறல" என்றார். "எங்க ஆளுதான்."

"கீழ முகப்புல?"

"அதுவுந்தான்."

கேட்டுக்கொண்டாயா மதினி?

துணிகளைப் பிழிந்து வாளியில் போட்டேன். கீழே முகப்பு முழுக்கப் பூச்சி அப்படியே இருந்தது. "ஆத்தா, நாளைக்கு முகூர்த்தம்" என்று பின்னாலேயே வந்தார். "நாருதான் இருக்கே, தேச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நான் கிளம்பும்போது கல்யாணப்பெண் படிக்கட்டில் நின்று என்னையே பார்த்தாள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று நீ கேட்பாய். உத்தமபாளையம் வரைக்கும் நானும் யோசித்தேன். திரும்பிப் போயிருக்கலாம். நீயாக இருந்தால் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பாய். எனக்கு அந்த மனசு இல்லை. வருத்தமும் இல்லை.

சேதி அதற்குள் சின்னமனூருக்கு எட்டிவிட்டது. துணிக்கடை அம்மா நேற்று போன் செய்து, "தெரியாமப் பேசிட்டோம்" என்று இழுத்தாள். போனில் சொன்னால் ஆயிற்றா? உன்னைக் கடை வாசலில் நிற்கவைத்துத்தானே சிரித்தாள்?

நாளைக்கு அவள் கடையில் ஏறப்போகிறேன், அடுத்து மற்றக் கடைகள். உன் பெயரோடு அந்தக் கீறலை ஒட்டிய ஒருத்தரையும் விடமாட்டேன். வாடிக்கையாளர் நிற்கும்போது, அவரவர் வாயால், வெறும் ராசாத்தி என்று சொல்லவைப்பேன். இந்தத் தடவை வாயை மூடமாட்டேன், இது சத்தியம்.

அன்றைக்குப் பேசாமல் நின்ற உன் நாத்தனார்,
செல்வி