வாசலில் கட்டிய கம்பளி

பொசெய்தியோன் மாதம், 2

சித்தப்பாவின் கோப்பைக்கு உள்ளே, அடியில் தேள் வரைந்து வைத்தேன். மது தீரத் தீரத் தேள் எழுந்தது. கோப்பை ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம். "தேனீன்னு பேர் வச்சா கொட்டத்தானே செய்வா," என்றார் அப்பா. மெலித்தா என்றால் தேனீ. திட்டவில்லை. தேளின் வால் நன்றாக வந்திருக்கிறதாம்.

அப்பா குயவர், அதனால் நான் எழுத உடைந்த ஓட்டுக்குப் பஞ்சமில்லை. அண்ணன் பள்ளியில் படித்தான். நான் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் படித்தேன்.

அம்மாவுக்குப் பிரசவம் இன்றோ நாளையோ.

4

பெண்.

அப்பா பட்டறையை விட்டு வரவே இல்லை.

5

வாசலில் எதுவும் தொங்கவில்லை. ஆண் என்றால் ஒலிவக் கொத்து, பெண் என்றால் கம்பளி. ஒன்றுமே தொங்காத வீட்டில் தெரு ஒன்றும் கேட்காது. ஐந்தாம் நாள் அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஓடினால் அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை. ஓடாவிட்டால் ஊருக்கு வெளியே கொண்டுபோய் —

அம்மா சுவரைப் பார்த்தபடியே பால் கொடுக்கிறாள். முகத்தைப் பார்த்தால் விட முடியாதாம்.

6

அப்பா வாயகன்ற சட்டி ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். விற்பதற்கு என்று நினைத்தேன். உள்ளே வைக்கோல் பரப்பினார்.

கேலி பண்ண ஒரு சொல் வரவில்லை. எனக்கா? எனக்குத்தான்.

இன்னொரு பொண்ணுக்குச் சீதனத்துக்கு எங்கே போவேன் என்று அம்மாவிடம் சொன்னார். அழுதார்னு நெனைக்கிறேன். அழுதுகிட்டே வைக்கோல் பரப்புவாங்களா?

7

கோழி கூவியதும் வாசலில் கம்பளியைக் கட்டினேன். கொஞ்சநஞ்சம் இல்லை, ஒரு ஆடே தொங்குகிற மாதிரி.

பிறகு நானாக ஒன்றும் செய்யவில்லை, தெருவே செய்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கணவாய் மீன் அனுப்புவது வழக்கமாயிற்றே. மதியத்துக்குள் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை, எங்கும் கணவாயின் கால்தான். அப்பா களிமண் கையோடு ஓடி வந்தார். எதிர்வீட்டுத் தெயானோ அக்கா விடவில்லை.

"என்னப்பா எர்கினோஸ், பொண்ணைப் பெத்துட்டு வாயைத் திறக்கலியே. விருந்து போடணும்னு பயமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கம்பளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாளைக்கு எல்லோரும் வந்துடுங்க என்று மட்டும் சொன்னார்.

8

ஓடினார்! அத்தனை பேர் முன்னாலும் அவளை மாரோடு அணைத்துக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஓடினார். அம்மா முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கணவாய் எந்தச் சட்டியில் வெந்தது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

13

பெயர் வைத்தாயிற்று: ஹெதிலே. என் விரலைப் பிடித்தால் கடன்காரி மாதிரிப் பிடிக்கிறாள்.

கமேலியோன் மாதம், 9

கல்யாண மாதம். தெருவெல்லாம் பாட்டு.

சலாமிஸ் தீவிலிருந்து தெலெசோன் என்றொருவர் வந்தார். அப்பாவைவிட மூத்தவர், இரண்டு மனைவிகளைப் புதைத்தவர். சீதனம் வேண்டாம் என்கிறார். யாரைப் பெண் பார்க்க வந்திருக்கிறார் என்று நான்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். முட்டாள்.

பட்டறைக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். சக்கரத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னார்.

"ஒருத்திக்குத்தான் சீதனம் இருக்கு, மெலித்தா."

"அது எனக்குன்னு சொன்னீங்களே."

"அப்ப வீட்ல ஒருத்திதான் இருந்தா."

சக்கரம் நின்றது.

"கம்பளியை யார் கட்டினதுன்னு நான் கேட்கல. நீயும் இதைக் கேட்காதே."

10

கேட்கவில்லை.

19

பொம்மைகளை ஆர்த்தெமிஸ் தேவியிடம் ஒப்படைத்தோம். பந்து, கை ஆட்டும் மண் பொம்மை எல்லாம். இனிமேல் நான் விளையாடக் கூடாதாம். அம்மா என் கூந்தலை வெட்டினாள். கோணலாகிவிட்டது. ஒரு பக்கம் மணப்பெண், ஒரு பக்கம் ஆட்டுக்குட்டி என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஒருத்தியைக் குடுத்து ஒருத்தியை வாங்கிக்கிட்டேன்," என்றாள்.

நாளைக்கு.

மறு ஆண்டு, பொசெய்தியோன் மாதம், 21. சலாமிஸ்

தெலெசோன் கெட்டவர் இல்லை. சீக்கிரம் தூங்கிவிடுவார். இந்த வீட்டில் யாரையும் துள்ள வைக்கத் தோன்றவில்லை.

இன்று அண்ணன் படகு நிறையக் குடங்களோடு வந்தான். ஹெதிலே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாளாம். தெருவில் போகிற பெண்களையெல்லாம் அக்கா என்கிறாளாம்.

"அப்ப என்னை என்னன்னு கூப்பிடுவா?"

அவன் குடங்களை இறக்கிக்கொண்டிருந்தான். "உன்னை அவளுக்குத் தெரியாதே, மெலித்தா."

சரி. விழுந்தால் அழுகிறாளா என்று கேட்டேன்.

இல்லையாம். எழுந்து நின்று, சிரித்தவர்களை முறைக்கிறாளாம்.