திறந்த கியாந்திப் போத்தல்

2009 ஒக்டோபர் 14, புதன். ஆர்ச்வே.

ரவி தந்த இத்தாலியச் சிவப்பு வைனை, அந்தக் கியாந்தியை, நேற்று சாராயம் போலத் தம்ளர் நிறைய ஊற்றி ஒரே மடக்கில் குடித்தேன். பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் நாக்கை இழுத்துப் பிடித்தது.

ரவி இத்தாலியில் பத்து வருடம் இருந்துவிட்டு, போன கிழமைதான் எங்கள் ரெஸ்டோரண்ட் குசினியில் சேர்ந்தவன். இன்று வெங்காயம் வெட்டும்போது அவனிடம் சொன்னேன்.

"உந்த வைன் ஒரே துவர்ப்பு, தம்பி."

"சாப்பாட்டோடயோ குடிச்சனீங்கள், அண்ணை?"

"சாப்பிட முந்தித்தான். நாங்கள் அப்பிடித்தானே குடிக்கிறது."

கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"ஒரு வாய் இறைச்சி, ஒரு மிடறு வைன் எண்டு மெல்லக் குடிக்கோணும். கொழுப்புச் சேர்ந்தால்தான் துவர்ப்பு அடங்கும். வீட்டில ஆரோட சாப்பிடுறனீங்கள்?"

"மனிசியோட," என்றேன். விளக்கம் சொல்ல மனம் வரவில்லை.

"அப்ப ரெண்டு பேருமா முடிச்சுவிடுங்கோ. திறந்தால் மூண்டு நாள்தான் தாங்கும்."

வீட்டுக்கு வந்ததும் ஆட்டிறைச்சிக் கறியைச் சூடாக்கி, அவன் சொன்னபடியே குடித்துப் பார்த்தேன். துவர்ப்பு இறைச்சியோடு கரைந்து, புளிப்புச் செர்ரிப்பழ வாசம் மெல்ல எழுந்தது. நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. சண்டை முடிந்தபின் அடைத்து வைத்திருக்கும் வவுனியா முகாமில் என் மனைவி தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறாள். எனக்கு இங்கே வைனின் ருசி பிடிபடுகிறது. அவள் கடைசியாக டெலிபோனில் பேசி ஐந்து கிழமை.

பாதிப் போத்தலை மூடி டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நேற்றுத் திறந்தது. நாளையோடு மூன்று நாள்.