ஆடியில் பதியாத பேர்

12 ஜூன் 2025, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்குது. மனை பார்க்க வரேன்னு சொன்ன ஆசாமி வரலை. போன் பண்ணினா "கோயமுத்தூர்ல இருக்கேங்க"ங்கறான். நேத்து இங்க பக்கத்துல சிறுவாச்சூர் தாண்டிட்டேன்னு சொன்னவன் இவன்தான். பெரம்பலூர்ல மனை வியாபாரம் படுத்து ரொம்ப நாளாச்சு.

அதனால என்ன? என் இன்னொரு தொழில் இருக்கே. இன்டர்நெட் பேர். டொமைன். டாட் காம், டாட் இன்னுன்னு முடியுமே, அதுதான். யாரும் எடுக்காத நல்ல பேரா பார்த்து, வருஷத்துக்குக் கொஞ்சம் காசு கட்டி நம்ம பேர்ல பதிஞ்சு வச்சுக்கணும். தேவைப்படறவன் ஒருநாள் தேடிக்கிட்டு வருவான். அப்ப நாம கால் மேல கால் போட்டுக்கிட்டு விலை சொல்லலாம்.

அரியலூர் பூமாலை, என் கூட்டாளி புரோக்கர், "காத்துல கல்லு நட்டு மனை விக்கிறியேய்யா"ன்னு சிரிக்கிறான். போன வருஷம் ஒரு பேர் வித்த காசுல அவனுக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தேன். அப்ப சிரிக்கலை. தின்னான்.

இன்னிக்கு சும்மா உக்காந்து கையில இருக்கற பேருக்கெல்லாம் மதிப்புப் போட்டேன். எனக்குத் தெரிஞ்ச மதிப்பு மனைக்குப் போடற மதிப்புத்தான். நீளமான பேரா? நாலு முடுக்கு திரும்பிப் போற வூடு, ஆட்டோக்காரனே வழி மறந்துடுவான். நடுவுல கோடு போட்ட பேரா? மனைக்கு நடுவுல கரண்டு கம்பம், பாதி விலை. 'குன்னம்பருத்தி' பேர் அழகுதான், ஆனா வாங்கறதுக்கு குன்னம் ஊர்ல பருத்தி விக்கற ஒரே ஒரு ஆள்தான் இருப்பான். அவனும் இன்னும் பொறக்கலைன்னு நினைக்கிறேன்.

'வெங்காயவடகம் டாட் காம்' மட்டும் வேற சாதி. போன்ல ஒரு தடவை சொன்னா அந்தப் பக்கம் இருக்கறவன் திருப்பிக் கேக்க மாட்டான். சொன்னதுமே வாசனை வருது. மெயின் ரோட்டு கார்னர் பிளாட்டு!

அதோட கெடு இந்த மாசம் ரெண்டாந்தேதியே முடிஞ்சுடுச்சுன்னு மெயில் வந்திருக்கு. முடிஞ்சா என்ன, அப்புறமும் கட்ட கொஞ்ச நாள் தவணை உண்டு. ஆள் வரட்டும், கட்டிக்கலாம்.

15 ஜூன், ஞாயிறு

சங்கடமா ஒரு விஷயம் நடந்துச்சு.

மொட்டை மாடியில புவனா வடகம் உருட்டிக்கிட்டு இருந்தா. சின்ன வெங்காயம், உளுந்து, கடுகு, விளக்கெண்ணெய்... வூடே மணக்குது. நாலு வருஷமா வாட்ஸப்புலயே விக்கிறா. சென்னை, சிங்கப்பூர்னு போகுது. என் பொண்டாட்டிங்கறதுக்காகச் சொல்லலை, அவ வடகத்துல தாளிச்சா பக்கத்துத் தெரு ஆளுங்க சாப்பாட்டு நேரத்துல "சும்மா வந்தேன்"னு வராங்க.

கையை முழங்கை வரைக்கும் எண்ணெயா வச்சுக்கிட்டு கேட்டா: "ஏங்க, வடகத்துக்குன்னு ஒரு வெப்சைட் வச்சா நல்லாருக்கும்ல? ஆளாளுக்குப் பதில் சொல்லி மாளலை. நீங்கதான் இந்தப் பேரு வாங்கற வேலையெல்லாம் பாக்கறீங்களே, நமக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்களேன்."

வெங்காயவடகம் டாட் காம் என் கையிலதான் இருக்கு, அவளுக்குத் தெரியாது.

"பார்க்கலாம்"னேன்.

என்ன தப்பு? புரோக்கர் சரக்கை வூட்டுக்குள்ளயே குடுத்துட்டா யாரு விலை தருவா? அவளுக்கு வேற பேரா இல்லை? புவனா வடகம், புவனேஸ்வரி வடகம்... ரெண்டும் பின்மனைதான். ஆனா சொந்தக்காரங்களுக்குப் பின்மனை போதும்.

எழுதிட்டுப் படிச்சுப் பார்க்கறேன். கொஞ்சம் அயோக்கியத்தனமாத்தான் இருக்கு.

27 ஜூன், வெள்ளி

மறுபடியும் கேட்டா. மறுபடியும் "பார்க்கலாம்"னேன்.

18 ஜூலை, வெள்ளி

ஆடி ரெண்டு. ஆள் வந்தாச்சு!

அரியலூர்லேர்ந்து வெற்றிச்செல்வின்னு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. பொடி, ஊறுகாய், அப்பளம்னு பாக்கெட் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பற கம்பெனி வச்சிருக்காம். அடுத்து வடகம் போடப் போகுதாம். "வீரமணி சார், வெங்காயவடகம் டாட் காம் பேரு உங்ககிட்டதான் இருக்குன்னு சொன்னாங்க. என்ன எதிர்பார்க்கறீங்க?"

முதல்ல விலை சொல்றவன் தோத்தான், இது தொழில் தர்மம். "நீங்க சொல்லுங்கம்மா"ன்னேன். "நீங்க சொல்லுங்க சார்"னுச்சு. இப்படியே ரெண்டு பேரும் மரியாதையிலேயே நேரத்தை ஓட்டிட்டோம். கடைசியில நாப்பதாயிரத்துக்கு வந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள மத்தளம் அடிக்குது. வெளியில "ம்ம்... வூட்ல கேட்டுச் சொல்றேம்மா"ன்னேன். வூட்ல! என் வாயில என்னதான் வருதோ.

ஆடி கழியட்டும், ஆவணி ஒண்ணாந்தேதி முடிச்சுடலாம்னு பேசியாச்சு. "எங்கம்மாவும் அதைத்தான் சொல்லுவாங்க"ன்னு அதுவும் ஒத்துக்கிச்சு.

பேர் இப்ப அபராதக் கட்டத்துல இருக்கு. கூடுதலா கட்டி மீட்டுக்கணும். கட்டிடலாம்தான். ஆனா ஆடியில பதிவா? இருபது வருஷத் தொழில்ல ஆடி மாசத்துல ஒரு பத்திரம் நான் பதிஞ்சதில்லை. ஒருத்தன் பேச்சைக் கேக்காம ஆடியில பதிஞ்சான், இன்னிக்கும் அண்ணன் தம்பி கேஸு நடக்குது. பேரும் சொத்துதானே? ஆவணி ஒண்ணு காலையில குளிச்சுட்டுக் கட்டுவேன்.

21 ஜூலை, திங்கள்

பூமாலைகிட்ட சொன்னேன். "மாப்ள, வெளையாடாத. இன்னிக்கே கட்டு"ங்கறான்.

"ஒரு பட்டாவுல பேரை எடுக்கவே எத்தனை நடை நடக்கணும்! அமெரிக்காக்காரன் மட்டும் அதுக்குள்ள எடுத்துடுவானா?"ன்னேன்.

"அவனுக்கு ஆடி, ஆவணியெல்லாம் தெரியாதுய்யா."

பொறாமை பிடிச்ச பய.

25 ஜூலை, வெள்ளி

புவனா காலையில சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிட்டு வந்தா. முந்தாநாள் அரியலூர்ல யாரோ வடகம் சாம்பிள் கேட்டாங்கன்னு போய் குடுத்துட்டு வந்தா. அதுலேர்ந்து ஒரு மாதிரி அமைதியா இருக்கா. சாப்பாடு போடும்போது திடீர்னு, "உங்க தொழிலைக் கொஞ்சம் சொல்லுங்களேன், ஒரு பேரு நல்ல பேருன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"ன்னா.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் தொழிலைப் பத்தி அவ கேட்ட முதல் கேள்வி. எனக்குத் தலைகால் புரியலை. சோறு ஆறுனது கூடத் தெரியாம எல்லாத்தையும் சொன்னேன். குட்டையா இருக்கணும், வாயில வழுக்கிக்கிட்டு வரணும், சரக்கு என்னன்னு பேரே சொல்லணும், ஒருத்தனுக்கு மட்டும் இல்லாம பத்துப் பேருக்குத் தேவைப்படணும்.

"கெடு முடிஞ்ச பேர் என்னங்க ஆகும்?"

"கொஞ்ச நாள் பழைய ஆளுக்காக வச்சிருப்பாங்க. அவன் மீட்கலைன்னா விட்டுடுவாங்க. அப்புறம் யாரு முந்தறாங்களோ அவங்களுக்கு. முன்கூட்டியே சொல்லி வச்சா, விழும்போது பிடிச்சுக் குடுக்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க."

"ஓ"ன்னா. ரெண்டு கரண்டி ரசம் கூடவே ஊத்தினா. என்ன இருந்தாலும் பொண்டாட்டி பொண்டாட்டிதான்.

1 ஆகஸ்ட், வெள்ளி

ஆடித் தள்ளுபடின்னு திருச்சியில புடவை எடுக்கக் காசு கேட்டா. தாராளமா குடுத்தேன். நாப்பதாயிரம் வரப்போகுது, மனசு விசாலமா இருக்கு.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. சித்திரான்னம் எல்லாம் பண்ணியிருந்தா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல வந்து உக்காந்து சொன்னா:

"இன்னிக்கு எதைத் தொட்டாலும் பெருகும்பாங்க. உங்களுக்கு எதாவது பேரு பதிய வேண்டியிருந்தா இன்னிக்கே பதிஞ்சுடுங்களேன்."

"ஆடிப் பதினெட்டு தாலிக்கயிறு மாத்தறதுக்கு. பதிவுக்கெல்லாம் இல்லை"ன்னேன்.

"யாருக்காவது குடுக்கணும்னு இருந்தாலும் இன்னிக்குக் குடுக்கலாம்"னா.

"யாருக்குக் குடுக்கறது?"

"சரி"ன்னு எழுந்து போயிட்டா. இந்தப் பொம்பளைங்களுக்குத் தொழில் நுணுக்கம் புரியாது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

புவனா திருச்சிக்குப் போய் ஹாஸ்டல்ல இருக்கற எங்க பொண்ணு சுவாதியையும் பார்த்துட்டு வந்தா. புடவை எடுக்கலை. "ஒண்ணும் பிடிக்கலை"ங்கறா. பொண்ணு நல்லா படிக்குதான்னு கேட்டேன். "உங்களை விட நல்லா கம்ப்யூட்டர் பாக்குது"ன்னா.

11 ஆகஸ்ட், திங்கள்

இன்னிக்கு வூட்ல பாயசம். என்ன விசேஷம்னு கேட்டா, "சும்மாதான்."

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி ஒண்ணு. குளிச்சு, விபூதி பூசிக்கிட்டு, கிழக்கே பார்த்து உக்காந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

போச்சு.

பேரு போச்சு. போன வாரமே விட்டுட்டாங்களாம். விட்ட அன்னிக்கே எவனோ பிடிச்சுட்டான். யாருன்னு பார்த்தா மறைச்சு வச்சிருக்கு. ஐயோ, என் கார்னர் பிளாட்டு! நாப்பதாயிரத்தை ஆடிக்குப் பயந்து ஆத்துல விட்டேனே! வாக்கு வேற குடுத்துட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்றது?

யாருக்குத் தெரியும் இந்தப் பேரு விழப்போகுதுன்னு? நான் சொன்னது ஒரே ஒருத்தன்கிட்டதான்.

பூமாலை! இருடா.

18 ஆகஸ்ட், திங்கள்

முதல் பஸ்ஸுல அரியலூர். பூமாலை டீக்கடையில வடையைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். "துரோகி"ன்னுதான் ஆரம்பிச்சேன். பிரியாணியைச் சொல்லிக் காட்டினேன். கடையே எழுந்து நின்னு பார்த்துச்சு.

அவன் வடையை முழுங்கிட்டு நிதானமா கேட்டான்: "எனக்கு ஏதுய்யா மெயிலு? வாட்ஸப்புல குட்மார்னிங்கே என் மருமகதான் அனுப்பிக் குடுக்குது."

அதுவும் சரிதான்.

"வேற யாருகிட்டயும் சொல்லலையா?"ன்னான்.

"சத்தியமா இல்லை. வூட்ல மட்டும் பொதுவா தொழிலைப் பத்தி..."

சொல்லிக்கிட்டே வந்தவன் நிறுத்திட்டேன். பூமாலை என் மூஞ்சியைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சவன் நான் பஸ் ஏறற வரைக்கும் நிறுத்தலை. அதுலயும் டீக்காசை என் தலையிலயே கட்டிட்டான்.

பஸ்ஸுல வரும்போதே வெற்றிச்செல்விக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "புவனேஸ்வரி அக்காகிட்ட பேசிட்டேன் சார். பேரு விக்க மாட்டாங்களாம். ஆனா மாசாமாசம் சரக்கு தராங்க. அவங்க பேரு போட்டே அனுப்பறோம். ரொம்ப சந்தோஷம் சார்"னுச்சு. போன மாசம் புவனா அரியலூருக்கு சாம்பிள் வடகம் கொண்டு போனப்ப, 'பேருக்கு வீரமணி சார்கிட்ட பேசிக்கிட்டு இருக்கோம்'னு இந்தப் பொண்ணுதான் அவகிட்ட சொல்லியிருக்கு. நான் அவ புருஷன்னு அப்ப அதுக்குத் தெரியாது.

வூட்டுக்கு வந்தேன். புவனா வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. நின்னேன். அவ நிமிரலை.

"நீதானா?"

"ஆமாங்க. புடவைக் காசுலதான். சுவாதி போட்டுக் குடுத்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"ரெண்டு தடவை கேட்டேன். பார்க்கலாம்னீங்க." வெங்காயத்தைக் கீழ வச்சா. "ஆடிப் பதினெட்டு அன்னிக்கும் கேட்டேன். நீங்களே எடுத்துக் குடுத்துடுவீங்கன்னு கடைசி வரைக்கும் நினைச்சேங்க. நீங்க குடுத்திருந்தா எனக்கு இதை விட சந்தோஷமா இருந்திருக்கும்."

கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். அவ கத்தலை. கண்ணைத் துடைச்சுக்கிட்டா. வெங்காயம்னு நினைச்சுக்கணும்னு பார்க்கறேன், முடியலை.

என்னடா மனுஷன் நான்? ஊருக்கெல்லாம் பேர் பார்த்துக் குடுக்கறேன். நாலு வருஷமா என் தலைக்கு மேல மாடியில காயறது என் கண்ணுக்குத் தெரியலையே. வெக்கமா இருக்கு.

22 ஆகஸ்ட், வெள்ளி

சாப்பாடு உண்டு. பேச்சு இல்லை. ரசம் ஒரு கரண்டிதான்.

29 ஆகஸ்ட், வெள்ளி

பேசிட்டா! "அட்டைப் பெட்டி தீர்ந்துடுச்சு, வாங்கிட்டு வாங்க"ன்னா. ஓடிப் போய் வாங்கிட்டு வந்தேன். சைஸ் தப்பாம். திருப்பிக் குடுக்கவும் ஓடினேன். திட்டு கூட இனிக்குது.

14 செப்டம்பர், ஞாயிறு

வெப்சைட் ஓடுது. போட்டோவெல்லாம் சுவாதி எடுத்தது. ஒரு ஓரத்துல என் முழங்கை தெரியுது.

இன்னிக்கு ஒரு மெயில். சென்னையில ஏதோ பெரிய கம்பெனி, வெங்காயவடகம் டாட் காம் பேருக்கு விலை கேக்கறாங்க. பழைய ஆள்னு என்னைத்தான் தேடிப் பிடிச்சிருக்காங்க. அவங்க போட்டிருக்கற தொகையைப் பார்த்ததும் பழக்க தோஷத்துல நாக்குல எச்சில் ஊறுச்சு. பொய் சொல்லலை.

மாடிப்படியில நின்னு கூப்பிட்டுச் சொன்னேன். தொகையையும் சொன்னேன்.

மேலேர்ந்து குரல் வந்துச்சு: "நீங்கதான மதிப்புப் போடற ஆளு. நீங்களே பதில் எழுதுங்க. என்ன எழுதினாலும் சரி."

என்கிட்டயே விட்டுட்டா. வந்து உக்காந்து ரொம்ப நேரம் யோசிச்சேன். அப்புறம் ஒரே வரி எழுதி அனுப்பினேன்: "ஐயா, அந்த இடத்துல ஆள் குடியிருக்காங்க, விக்கிறதுக்கு இல்லை."

என்ன எழுதினேன்னு அவ கேக்கலை. மழை கட்டுதாம், வடகத் தட்டெல்லாம் உள்ள எடுத்து வைக்கக் கூப்பிடறா.