மூன்றேகால் மணி மேடு

என் செல்லக் கேள்விக்குறிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். அதனால் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, எத்தனை மணிக்குப் படுக்கிறாய், அந்த வறட்டு இருமல் விட்டதா என்று தனித்தனியாகக் கேட்கிறேன், தனித்தனியாகப் பதில் வரவேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவைப்பேன், சொல்ல வந்தது விட்டுப்போகும். இது முழுதாகச் சொல்லவேண்டிய விஷயம். பயப்படாதே, நல்ல செய்திதான். ஆனால் அதோடு என் வெட்கத்தையும் கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கொள்ளவேண்டும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தையல் மிஷினுக்கு மோட்டார் வைத்துக்கொள்ளுங்கள் என்று நீ சொன்னதை ஒரு வருஷமாக மறுத்துவந்தவர் போன வாரம் யாருக்கும் சொல்லாமல் வாங்கி மாட்டிவிட்டார். கேட்டால் "காலுக்கு ஓய்வு வேணும்னு டாக்டர் சொன்னாரு" என்கிறார், மகள் சொன்னாள் என்று மட்டும் வாயில் வராது. உன் அண்ணன் பஸ் டிப்போவில் டைம்கீப்பராகிவிட்டான், இனி டிக்கெட் கிழித்துக் கை தேயவேண்டாம். அவன் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, அத்தை வந்தால் காட்டவேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு லாண்டரிக்காரம்மா போன மாதம் என்னிடம், உன் பொண்ணு அப்படி என்னதான் வேலை பார்க்கிறாள் என்று கேட்டாள். நான் சும்மா விடுவேனா, காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, துணி உலரும்வரை உட்காரவைத்துச் சொன்னேன். நான் வேலை பார்க்கும் பம்ப் ஹவுஸில் முன்னே பகலும் இரவும் ஒரு மிதவைதான், தொட்டி குறைந்தால் மோட்டாரை முழுவேகத்தில் போடும், நிறைந்தால் பட்டென்று நிறுத்தும், அது நிறுத்தும்போதெல்லாம் குழாய்க்குள் தண்ணீர் திரும்பி இடிக்கும், தெருவுக்குத் தெரு குழாய் வெடிக்கும். அதனால்தான் பகலில் மிதவையைக் கழற்றிவிட்டு நான் பேனல் முன்னால் உட்கார்ந்து, அழுத்தமானியைப் பார்த்து, மோட்டார் சத்தத்தைக் கேட்டு, வேகக் குமிழைக் கையாலேயே கூட்டிக் குறைப்பது. என் மகள் லீவில் வந்து பன்னிரண்டு நாள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு சொல்றியே, கொஞ்சம்னா எவ்வளவும்மா" என்று உயிரை வாங்கினாள், கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான் என்று நான் எரிந்து விழுந்தேன், அதற்கு அவள் "சரி, அந்தக் கொஞ்சத்தையே கணினிக்குச் சொல்லிக் கொடுக்கறேன்" என்றாள். இது குறைவு இது குறைவில்லை என்று கோடு கிழிக்காமல், கால்வாசி குறைவு முக்கால்வாசி நிறைவு என்று நம்மைப் போலவே அதுவும் தடவித் தடவி யோசிக்கும். அது போதாது என்று ஒரு பெட்டியை மாட்டி எட்டு மாதம் என் கை குமிழை எப்போது எவ்வளவு திருப்பியது என்று பதிந்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கணினி தானாகப் பழகும்படி செய்தாள் என்று சொல்லி முடித்தேன். லாண்டரிக்காரம்மா கடைசியில், "அப்போ உன்னை மாதிரியே ஒண்ணைப் பண்ணிட்டா, உன் மருமகளுக்கு இன்னொரு மாமியாரா" என்றாளே பார்க்கணும்.

அது ஓட ஆரம்பித்து நாற்பத்தொரு நாள் ஒரு குழாய்கூட வெடிக்கவில்லை. குமிழ் தானே நகராது, ஆனால் மோட்டார் சத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்குவதைக் கேட்கும்போது என் கையே கண்ணுக்குத் தெரியாமல் அங்கே இருப்பது போலிருக்கும். நான் பேனல் முன்னால் காவலுக்கு மட்டும் உட்கார்ந்து, என் மகள், என் மகள் என்று சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். நாற்பத்திரண்டாம் நாள் திங்கள்கிழமை சாயங்காலம் தொட்டி வழிந்தது. செவ்வாய் மறுபடி வழிந்து லாண்டரிக்காரம்மா கொடியில் காயப்போட்டிருந்த இருபது போர்வையையும் நனைத்தது. புதன்கிழமை நம் சந்தேகப் பிராணி, அதுதான் அந்தப் பெரிய இன்ஜினியர், நேரிலேயே வந்து ஃபைலை விரித்துக்கொண்டு தொட்டிக்குக் கீழே நின்றார், எங்கே வழிகிறது என்று அண்ணாந்து பார்த்தார், தொட்டி அவருக்கு நேரிலேயே பதில் சொன்னது. தலையிலிருந்து ஷூ வரை சொட்டச் சொட்ட உள்ளே வந்து அவர் கையாலேயே உன் கணினியை அணைத்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கமிட்டி கூடும், காரணம் தெரியாவிட்டால் இதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பழைய மிதவையையே பகலுக்கும் போடுவோம், மற்ற பம்ப் ஹவுஸுக்கெல்லாம் இது கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ அன்றைக்கே படம் ஒன்று அனுப்பிக் கேட்டாய். கோடு நேராகப் போய் மூன்றேகாலுக்கு ஒரு சின்ன மேடு, அப்புறம் இறக்கம். அம்மா, தினமும் இந்த நேரத்துக்கு மோட்டாரை ஏன் கூட்டுவாய், தொட்டி குறைந்திருக்கவில்லை, அழுத்தமும் சரியாக இருக்கிறது, காரணமே இல்லையே என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன், நான் அப்படிச் செய்வதே கிடையாது, உன் பெட்டி தப்பாகப் பதிந்திருக்கும் என்றேன். சத்தியமாக அன்றைக்கு அதை நம்பித்தான் சொன்னேன் கண்ணு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது பொய்யா. நீ அந்த வார்த்தையை நம்பி நான்கு நாள் உன் கணக்கையே குடைந்து குடைந்து பார்த்துவிட்டு, பிழை என் முறையில்தான் இருக்கவேண்டும், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஆபீசுக்கு எழுதினாய். அதை எங்கள் ஆபீசில் மீட்டர் கணக்கெடுக்கும் மீட்டர்க்காரர் எனக்குப் படித்துக் காட்டினார். ஆறு வருஷ ஆராய்ச்சி உழைப்பை ஆறு வரியில் நீ கைகழுவியதைக் கேட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறு திங்கள்கிழமை, கணினி இல்லாமல் பழையபடி கையால்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார லீவு முடிந்து அன்றைக்குத்தான் தெருக்கோடிப் பள்ளிக்கூடம் திறந்தது. மூன்றேகாலுக்கு, பள்ளி விடப்போகிறது என்று சொல்லும் முதல் மணி அடித்தது. என் கை போய்க் குமிழைத் திருப்பியது. நான் திருப்பவில்லை, நான் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கை போனதைத் திடுக்கிட்டுப் பார்த்தேன். மோட்டார் சத்தம் ஏறியது, இடது கால் செருப்பைத் தேடியது. அப்போது புரிந்தது எனக்கு.

நீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது பெரிய ரோட்டைத் தாண்டி உன்னைக் கூட்டிவர ஆள் கிடையாது. அப்பா கடையை விட்டு வரமுடியாது, அண்ணன் பள்ளிக்கூடம் ஊருக்கு அந்தப் பக்கம். பேனலை விட்டு நகரக்கூடாது என்பது எங்களுக்கு முதல் சட்டம். மூன்றரைக்கு நீ வாசலில் நிற்பாய். அதனால் முதல் மணி அடித்ததும் மோட்டாரைக் கொஞ்சம் கூட்டித் தொட்டியை மேலாகவே ஏற்றிவிட்டு, இருபத்தைந்து நிமிஷம் அது தாங்கும் என்ற தைரியத்தில் ஓடி வந்து உன்னை அழைத்துக்கொண்டு ஓடுவேன், வந்ததும் குமிழை இறக்குவேன். நீ மூச்சு விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வருவாய், ரோட்டுக்கு ஏன் நடுவில் கோடு, லாரிக்கு ஏன் பின்னால் நாலு சக்கரம் என்று. ஐந்து வருஷம் இப்படி. ஒரு நாள்கூட ஒரு சொட்டு குறையவில்லை, ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் நீ வளர்ந்து தனியாக வர ஆரம்பித்தாய், காலேஜ் போனாய், கப்பலேறாத குறையாகக் கண்காணாத தூரமும் போய்விட்டாய். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், தொட்டில் ஆட்டியவளுக்கும் அது உண்டு போலிருக்கிறது. மணி அடித்தால் கை ஏற்றுகிறது, கொஞ்ச நேரம் கழித்து இறக்குகிறது. பள்ளி விட்டதும் அத்தனை பிள்ளைகளும் குழாயடியில் முகம் கழுவி, பள்ளிக் காவல்காரர் செடிக்கெல்லாம் ஊற்றி, ஏற்றிய தண்ணீர் இறங்கிவிடும், யாருக்கும் தெரியாது. உன் கணினிக்குக் காது கிடையாது, கடிகாரம்தான் உண்டு. லீவு என்று அதற்கு யார் சொன்னார்கள், மூன்றேகாலுக்கு ஏற்றியது, முகம் கழுவ ஆளில்லை, வழிந்தது.

இப்போது வெட்கத்துக்கு வருகிறேன். திங்கள்கிழமை எனக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை வரை நான் வாயைத் திறக்கவில்லை. ரிடையர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம், பேனலை விட்டுப் போனேன் என்று நானே எழுதிக்கொடுத்தால் வேலைக்கு என்ன ஆகும், பென்ஷனுக்கு என்ன ஆகும் என்று பயந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் அமுக்கிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த இரண்டு நாளும் நீ அங்கே தனியாக உட்கார்ந்து உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாய். என்னை மன்னித்துவிடு கண்ணு. அப்பாவிடம் சொன்னேன், ஊசியில் நூல் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "அளவு எடுத்தவன் தப்பா எடுத்துட்டு, வெட்டினவளைத் திட்டலாமா" என்றார். வியாழக்கிழமை காலையில் இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, சந்தேகப் பிராணி மேஜையில் வைத்தேன்.

அவர் படித்தார், மறுபடி படித்தார், நம்பவில்லை. மகளைக் காப்பாற்ற அம்மா கதை கட்டுகிறாள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியையிடம் எட்டு மாத வருகைப் பதிவேட்டை வாங்கி வந்து உன் பெட்டியின் பதிவோடு நாள் நாளாக ஒத்துப் பார்த்தார். வேலை நாளில் ஏழு நாள் மட்டும் மேடு இல்லை, அந்த ஏழு நாளும் பள்ளி லீவு. ஏழு நாளை வைத்துக்கொண்டு பாவம் அந்தக் கணினி என்ன கண்டுபிடிக்கும். இன்னொரு நாள் மேடு மூன்றேகாலில் இல்லை, பன்னிரண்டு மணிக்கு இருந்தது. அன்றைக்கு ஒரு டீச்சர் இறந்துபோய் அரை நாளோடு பள்ளியை விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும்தான் மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வெள்ளிக்கிழமை கமிட்டியில் அவர் சொன்னதை மீட்டர்க்காரர் எனக்கு அப்படியே சொன்னார்: "இது பழுது இல்ல. அந்தம்மா சொல்லிக் கொடுத்ததையும் கத்துக்கிச்சு, அவங்களுக்கே தெரியாததையும் கத்துக்கிச்சு. இவ்வளவு சுத்தமா கத்துக்கிட்டதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அந்தப் பொண்ணு எழுதின வாபஸ் கடிதத்தைத் திருப்பி அனுப்புங்க." மற்ற பத்து பம்ப் ஹவுஸிலும் வைக்கப்போகிறார்கள். உனக்கு ஆபீஸ் கடிதம் இந்த வாரம் வரும், அதற்கு முன்னால் என் கடிதம் வந்துசேரவேண்டும் என்றுதான் இன்றைக்கே எழுதுகிறேன். என் வயிற்றில் பிறந்தவளை அந்த ஆள் வாயால் புகழவைத்தாயே, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, அவருக்குத் தொட்டித் தண்ணீரில் குளிர்ந்தது போல.

எனக்கும் ஒன்று கிடைத்தது, இருபத்தாறு வருஷத்தில் முதல் மெமோ. பேனலை விட்டு அகன்றதற்குக் கடும் கண்டனம், பென்ஷனுக்குப் பாதகமில்லை. அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்டவேண்டும் என்று குதித்தார். நான் விடவில்லை, உன் சர்ட்டிபிகேட் எல்லாம் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் அதையும் போட்டுவிட்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து படித்ததுதானே அது.

அந்த மேட்டை இப்போது நீ உன் கணக்கிலிருந்து எடுக்கவேண்டுமாம், எடுத்துவிடு, தண்ணீர் வீணாகக் கூடாது. இனிமேல் யார் கேட்டாலும், பெற்ற தாயே சொன்னாலும், உன் பெட்டி பதிந்ததை நம்பு, ஆள் சொல்வதை அப்புறம் நம்பு. எடுப்பதற்கு முன்னால் அந்தப் படத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொள். காரணமே இல்லை என்று எழுதியிருந்தாயே, காரணம் நீதான்.

நீ நூறு வயசு நன்றாக இரு, கை வைத்ததெல்லாம் துலங்கட்டும், மகராசியாக இரு. இருமலுக்கு வெந்நீர் குடி, ஆறியதைக் குடிக்காதே. லீவு கிடைத்து வரும்போது வண்டி எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே எழுதிவிடு. வாசலில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். இந்தத் தடவை எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறேன்.

என்றும் உன்,
அம்மா