அறுபத்து மூன்று டிகிரி

மே 12, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். கடல் காற்று பதினொன்று வரை இல்லை. மாடியில் மிளகாய் காய்கிறது, மறக்காமல் எடுக்க வேண்டும்.

பட்டினத்துக் கல்யாணம், மருதாணி நாள். மொத்தம் 212 வீடியோ துண்டு. பாதிகூட இன்னும் பிரித்து அடுக்கவில்லை. மணப்பெண் ரிஸ்வானா ஞாயிறு மாப்பிள்ளையிடம் மஸ்கட் போகிறாள். அதற்குள் கையில் கொடுக்க வேண்டும்.

லாத்தா, என் அக்கா, கல்யாணங்களில் பெண்கள் பக்கம் மட்டும்தான் வீடியோ எடுப்பாள். தலையில் முக்காடு இல்லாமல் ஆடுவார்கள், பாடுவார்கள். ஆம்பளை கண்ணில் படாது, இன்டர்நெட்டில் ஏறாது, மணப்பெண் கையைத் தவிர வெளியே போகாது. இந்த மூன்று வாக்குக்காகத்தான் லாத்தாவைக் கூப்பிடுகிறார்கள். அதற்காகத்தான் லாத்தா புருஷன், மச்சான், போன லீவில் வந்தபோது வீடியோ சேமிக்கும் இந்தப் பெட்டியை வைத்துக் கொடுத்தார். செருப்புப் பெட்டி அளவு. உள்ளே இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே சரக்கு. ஒன்று போனாலும் ஒன்று இருக்கும். கேமரா கார்டை லாத்தா அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிடுவாள்.

இன்று பெட்டி ஃபேன் ஒரே இரைச்சல். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவிடம் குர்ஆன் ஓத வரும் பிள்ளைகள் பெட்டியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தன.

"மாவு மிஷினு பக்கத்துல உக்காந்து ஓதுற மாதிரி இருக்கு. இதை யாராச்சும் அடக்குங்களேன்" என்றார் உம்மா.

யாராச்சும் என்றால் நான்தான். பத்தாவதோடு நின்றவள், ஆனால் பெட்டியைப் பற்றி இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும். ஒரு வீடியோ பார்த்துச் செய்தேன். பெட்டி அமைப்பில் 2 என்று இருந்தால் ஃபேன் தானாக ஓடும். 1 போட்டால் வேகம் நம் கையில். 1 போட்டு வேகம் 70 வைத்தேன். முழு வேகம் 255. சத்தமே இல்லை. சூடு பார்த்தேன், 48. நல்லது.

"பொட்டிக்கு நல்ல புத்தி வந்துடுச்சு" என்றார் உம்மா. நான்தான் செய்தேன் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மிளகாய் மறந்தாச்சு.

மே 13, செவ்வாய்

கரண்ட் இரண்டு தடவை போனது. வெயில் நேற்றைவிட அதிகம்.

உம்மா பெட்டிக்கு உறை தைத்துவிட்டார். மெரூன் வெல்வெட், ஓரத்தில் சரிகை. உப்புக் காற்றுக்கு எல்லாம் துருப்பிடிக்கும் என்று இந்த வீட்டில் டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் உறை. பெட்டி மட்டும் அம்மணமாக இருந்ததாம்.

பின்பக்கம் காற்று போகத் திறந்திருக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உம்மா சரிகையை நீவிக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

110 துண்டு முடிந்தது.

மே 15, வியாழன்

என்ன எழுதுவது.

காலை பத்தரை. பெட்டியில் ஆரஞ்சு விளக்கு. கணினியில் பார்த்தால் ஒரு டிஸ்க்தான் இருக்கிறது. மற்றது இல்லை. உடைந்தது என்றுகூட இல்லை, அப்படி ஒன்று இருந்ததாகவே பெட்டிக்குத் தெரியவில்லை.

உறை மேல் கை வைத்தேன். அப்போதுதான் இஸ்திரி போட்ட துணி மாதிரி.

மூன்று நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்த 48, 49 எல்லாம் ப்ராசசர் சூடு. டிஸ்க் சூட்டை வேறு இடத்தில் பார்க்க வேண்டும். இன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

63.

ஐம்பதைத் தாண்டவே கூடாதாம். தானாக ஓட விட்டிருந்தால் ஃபேன் டிஸ்க் சூட்டையும் பார்த்து வேகம் எடுத்திருக்கும். மச்சான் அப்படித்தான் அமைத்திருந்தார். திங்கட்கிழமை இரைச்சல் கோளாறே இல்லை. வெயிலுக்கு அது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. நான் அதன் வாயை மூடினேன். உம்மா அதன் மேல் போர்த்தினார்.

உறையை உருவி பீரோவுக்குப் பின்னால் போட்டேன். 255 வைத்தேன். சத்தம் கேட்டு லாத்தா வந்தாள். ஆரஞ்சு விளக்கைப் பார்த்தாள். உடனே டிஸ்க் விற்ற கடைக்குப் போன், ஸ்பீக்கரில்.

"ஒரு வருஷம்கூட ஆவல, அதுக்குள்ள செத்துப் போச்சு. இப்படித்தான் சரக்கு விப்பீங்களா?"

"ஆவாதேம்மா. சூடு ஏறுச்சா? ஃபேன் ஓடுச்சா?"

"எந்தங்கச்சிதான் பாத்துக்குது. கேட்டுக்குங்க." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஓடுச்சு" என்றேன். ஓடத்தானே செய்தது. எழுபதில்.

"அப்ப டிஸ்குலதான் கோளாறு போல. இன்னொண்ணும் அதே நாள் வாங்கினது, உடனே வேற டிஸ்குல ஏத்திடுங்க. இல்லன்னா கொண்டாங்க, நானே எடுத்துத் தர்றேன்."

"பொம்பளைங்க வீடியோ அது. எப்படிக் கொண்டாறது?"

"சரிம்மா. புது டிஸ்க் அனுப்புறேன். என் சரக்கு, என் பொறுப்பு."

போனை வைத்ததும் லாத்தா கல்யாணக்காரப் பெண்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போட்டாள். கடை எந்தத் தெரு, அவர் எப்படிப்பட்டவர், யாரும் அங்கே எதுவும் வாங்க வேண்டாம். நூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் குரூப். நான் பக்கத்தில்தான் நின்றேன்.



மே 16, வெள்ளி

வீட்டில் ஆம்பளை இல்லை என்பதால் கடைக்காரர் தன் மனைவியைப் புது டிஸ்கோடு ஸ்கூட்டியில் அனுப்பியிருந்தார். முன்பின் பார்த்ததில்லை. உம்மா சர்பத் கொடுத்தார்.

"நேத்துலேந்து அவருக்கு மனசே சரியில்ல. ரெண்டு பேரு போன் பண்ணி, ஆர்டர் குடுத்ததை வேணாம்னுட்டாங்க" என்றார் அந்த அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அதே நேரம் உம்மா பீரோ பின்னாலிருந்து உறையைக் கண்டெடுத்து வந்தார். "இதை யாரு இங்க போட்டது?"

"என்னங்க இது, சின்னதா அழகா?"

"அந்தப் பொட்டிக்குத் தச்சது."

அந்த அக்கா உறையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சர்பத்தைக் குடித்து முடித்துவிட்டு, "வர்றேங்க" என்று போய்விட்டார்.

11.40: நகல் தொடங்கியது. மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனையும் எதிரில் வைத்தேன். டிஸ்க் சூடு 43.
1.15: 22 சதவீதம்.
2.50: 37. அங்கேயே நிற்கிறது.
3.30: 37. டிஸ்க் உள்ளே டக் டக் என்று சத்தம். ஓதும் பிள்ளைகளை உம்மா இன்று வர வேண்டாம் என்றுவிட்டார். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.
3.50: 38. அல்ஹம்துலில்லாஹ்.
6.20: 71.
8.05: முடிந்தது.

209 இருக்கின்றன. மூன்று திறக்கவில்லை. இரண்டு வெறும் கூட்டம். மூன்றாவது, ரிஸ்வானா கையில் அவள் உம்மா ஹமீதா மாமி முதல் மருதாணிப் பொட்டு வைப்பது. நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். மாமி வைத்துவிட்டு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பார். இனி அதை வீடியோவில் பார்த்தவள் என்று நான் மட்டும்தான்.

மே 17, சனி

லாத்தாவிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். 1, 2, 70, 63, எல்லாம் சொன்னேன். உறையைச் சொல்லவில்லை.

மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"அன்னிக்கே ஏன்டி சொல்லல?"

"நீ போன்ல கத்திக்கிட்டு இருந்த."

"முந்தாநேத்து கத்துனேன். நேத்து? அந்தப் பொம்பளை வந்து உக்காந்துட்டுப் போச்சே, அப்ப?"

லாத்தா மடித்த துணியை ஓரமாகத் தள்ளினாள்.

"ஹமீதா மாமிகிட்ட அந்த மருதாணி போனதை நான் சொல்லிக்கிறேன். என் தொழிலு. அந்தக் கடைக்காரரை நான் பேசுனது பேசுனதுதான். ஆனா குரூப்ல நீ சொல்லு."

"எழுதிப் போடவா?"

"அதுல பாதிப் பேரு எழுத்தையே படிக்க மாட்டாங்க. நான் வாய்லதான சொன்னேன். நீயும் வாயால சொல்லு."

நடுவில் உம்மா உறையை எடுத்துப் போய் மிக்ஸிக்குப் போட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை. சரிகையைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். உறையாலும்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

255-இல் ஓடும் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து நான்கு தடவை பேசி நான்கு தடவையும் அழித்தேன். ஐந்தாவது:

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் வீடியோ எடுக்குற நஸ்ரினோட தங்கச்சி. டிஸ்க் கடைக்காரர் மேல தப்பு இல்ல. ஃபேனைக் குறைச்சு வச்சது நான். அவரு கேட்டப்ப நான் சரியா சொல்லல. ஆர்டர் வேணாம்னு சொன்னவங்க திரும்பக் கூப்பிடுங்க."

பத்தொன்பது விநாடி. போய்விட்டது. என் குரலை நானே ஒரு தடவை போட்டுக் கேட்டேன். யாரோ மாதிரி இருந்தது.

ஒன்பது பேர் கேட்டார்கள். இருபது. நாற்பத்து மூன்று. பிறகு நெடுங்காட்டு மாமி ஒருத்தர் வாய்ஸ் அனுப்பினார். லாத்தாவும் நானும் சேர்ந்து கேட்டோம்.

"ஏம்மா, பின்னாடி என்ன அவ்வளவு இரைச்சல்? உங்க பக்கம் மழையா?"