நடுவில் ஒரு சாண் மண்

அக்காவுக்கு,

பாகம் பிரித்த அண்ணனும் தம்பியும் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமல், எல்லையை ஒட்டியே ஆளுக்கொரு பதுங்குகுழி வெட்டினார்கள். அந்த வீம்பில் நடுவே ஒரு சாண் மண்தான் மிச்சம். நீங்கள் இருமுவது எங்களுக்கு நன்றாகக் கேட்கிறது.

நேற்று தெருமுனையில் குண்டு விழுந்த பிறகு உங்கள் பக்கம் சத்தமே இல்லை. உங்கள் கொழுந்தனார் மண்ணில் காதை வைத்தபடி அசையாமல் இருந்தார். நீங்கள் இருமியதும், "இதுக்கு மருந்து வாங்கித் தர அந்த வீட்டுல ஆளே இல்லையா?" என்று எரிந்து விழுந்தார்.

இன்று கடப்பாரையோடு குழிக்குள் இறங்கியிருக்கிறார். மருந்து பாட்டில் போகிற அளவுக்கு நடுமண்ணில் ஓட்டை போடத்தானாம். ஆள் நுழையும் அளவுக்கு இடித்துக்கொண்டிருக்கிறார்.

சைரன் ஊதினால், எங்கள் பக்கத்து மண்ணில் சாய்ந்து உட்கார வேண்டாம் என்று மூத்தவரிடம் சொல்லிவையுங்கள்.

உங்கள் ஓரகத்தி